அப்பாவின் கார் கடிகாரத்துக்குக் கரண்ட் கொடுத்தேன்

ஆம்பூரில் அப்பா வாடகைக் கார் ஓட்டினார். தோல் வியாபாரிகளை ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் விட்டுவருவதுதான் முக்கால்வாசிச் சவாரி. காரின் டாஷ்போர்டில் ஒரு கடிகாரம் இருந்தது. அதற்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்க வேண்டும். வண்டி நின்றாலும் அது ஓட வேண்டுமே! பேட்டரி இறங்கிவிடும் என்று பயந்து, அப்பா அதைச் சாவி ஒயரில் கொடுத்துவிட்டார். சாவியை எடுத்தால் கடிகாரமும் நின்றுவிடும். ஒவ்வொரு சவாரிக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருத்துவார். அப்படியொரு கஞ்சர்.

அதனாலேயே மாட்டிக்கொள்வார். ரயில் போன பிறகு தோஸ்துகளோடு சீட்டாட உட்கார்ந்துவிடுவார். காலையில், "ரயிலு லேட்டு, வுட்டுட்டு நேரா வந்துட்டேன்" என்பார். அதற்குள் அம்மா கார் கண்ணாடி வழியாக முள்ளைப் பார்த்திருப்பாள். அவர் வந்து நிறுத்திய நேரம் அப்படியே இருக்கும்.

"ரயிலு லேட்டா, சீட்டுக்கட்டு லேட்டா?"

அன்றைக்கு வீடு ரெண்டாகிவிடும். இருந்தும் அப்பா ஒயரை மாற்றவே இல்லை. அந்தத் திட்டில் அவருக்கு ஒரு ருசி என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள் சவாரி முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முள் அங்கேயே நின்றது. அதன்பின் காரை எடுக்கவோ அந்தக் கடிகாரத்தைத் தொடவோ அம்மா யாரையும் விட்டதில்லை.

இந்த வருடம் அதே காரில் விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். கடிகாரத்தையும் சரிபண்ணச் சொன்னாள். நான் ஷூ கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். இன்ஜின் வேலை முடிந்ததும் கடிகாரத்தைக் கழற்றி வாசலில் உட்கார்ந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங்கை முறுக்கும் காயில் கம்பிச்சுருள் நன்றாகவே இருந்தது. கரண்ட் தொடும் இடத்தில் கறுத்திருந்த பாயிண்டுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். ஃபியூஸ் போட்ட ஒயரைப் பேட்டரியில் தொட வேண்டியதுதான் பாக்கி. கை போகவில்லை.

அம்மா டீயோடு வந்தாள். "இன்னாடா, ஓடலியா?"

"ஓடும்மா. ஓடிச்சின்னா அப்பா கடைசியா வந்த நேரம் போய்டும். நிக்கிறாப்லயே மாட்டிடட்டா?"

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு முள்ளக்கூடப் பாக்காம, சீட்டாடிட்டு வர்றாருன்னு வாசல்லியே திட்டிட்டேன்டா. விடிஞ்சப்பறம்தான் முள்ளப் பாத்தேன். ரயிலு போன கையோட நேரா வந்திருக்காரு."

இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை.

"சாவி ஒயரு வேணாம். நேரா பேட்டரில குடு. எவ்ளோ நாளிக்கி அவர வாசல்லியே நிக்க வெக்கிறது?"

தொட்டேன். 'டக்' என்று உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறியது. முள் நகர்ந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.