முந்திரித் தோலும் அப்பாவின் சட்டையும்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இன்று (2012 ஆகஸ்ட், சனிக்கிழமை) பண்ருட்டியிலிருந்து சிதம்பரம் போனேன். முந்திரிப் பருப்பின் சிவப்புத் தோலிலிருந்து, விஷமில்லாத கரைப்பானை வைத்தே சாயம் எடுக்கலாம் என்று அங்கே பல்கலைக்கழக ஆய்வகத்தில் படிக்கும் அக்கா ஒருவர் சொல்லியிருந்தார். இரவு, எல்லோரும் தூங்கியபின், அரசு கொடுத்த லேப்டாப்பைப் போர்வைக்குள் வைத்து இதை எழுதுகிறேன்.

தோல் கிடைத்தது பண்ருட்டியில், அம்மாவும் நானும் போயிருந்த மாமாவின் முந்திரிக் கொட்டகையில். அங்கே அது குப்பை.

"தண்ணியிலயும் எரிசாராயத்துலயும் ஊற வைக்கணும் மாமா."

"உங்கப்பன் கண்ணுல காட்டிடாத. தோல விட்டுட்டு சாராயத்த எடுத்துக்குவான்."

பருப்பு உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இந்த மாதத்தோடு அப்பாவை விட்டுவிட்டு என்னுடன் பண்ருட்டிக்கே வந்துவிடுவதாக முதல் நாள்தான் மாமாவிடம் சொல்லியிருந்தார்.

அப்பா, மூலிகைச் சாறு எடுக்கும் கெமிக்கல் கம்பெனியில் டிரம் இறக்குகிறார். தள்ளாடித்தான் வீட்டுக்கு வருவார். சாராயம் போல வாடை அடிக்கும். வாசலிலேயே அம்மா வாயை ஊதச் சொல்வார். வாயில் வாடை இருக்காது. பாக்கு போட்டு மறைக்கிறார் என்பார் அம்மா.

ஏழு மணிக்கு பண்ருட்டியில் ஏறி, கடலூரில் பஸ் மாறினோம். அங்கிருந்து சிதம்பரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். குடிகாடு நெருங்கும்போது கண்டக்டர், "நாத்தம் வருது, ஜன்னல சாத்துங்க" என்றார். எல்லோரும் சாத்தினார்கள். எங்கள் ஊர் அதுதான். அம்மா இறங்கிக்கொண்டார்.

ஆய்வகத்தில் தோல் பொடியைத் தண்ணீரும் எத்தனால் எனும் எரிசாராயமும் கலந்து சூடாக்கினோம். செங்கல் நிறத்தில் சாறு இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க அக்கா மெத்தனால் பாட்டிலைத் திறந்தார்.

"மூஞ்சியக் கிட்ட கொண்டு வராத. கம்பெனிங்கள்ல இதுதான் ஜாஸ்தி. மூச்சுல போனாலே தல சுத்தும். கண்ணே போயிடும்."

தள்ளி நின்றும் வாடை வந்தது. அப்பாவின் சட்டை வாடை.

"குடிச்ச மாதிரி தள்ளாடுவாங்களாக்கா?"

"ஆமா. ஏன், யாருக்கு?"

சாற்றைப் பாட்டிலில் ஊற்றி மூடினேன்.

மாலையில் அப்பா வந்ததும், அம்மா அடுப்படியில் இருந்தபோது கேட்டேன்: "டிரம்முல மெத்தனாலாப்பா?"

"அம்மாகிட்ட சொல்லாத. குடிகாரன்னா திட்டிட்டு வுட்டுடுவா. இது தெரிஞ்சா பயந்துடுவா."

சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி, மாட்டுவதற்கு ஆணியைத் தடவித் தேடினார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இதேபோல் சாயம் எடுக்கப் போகிறவர்கள் தோலை நன்றாகக் காயவைத்து எடுத்துப் போங்கள். ஈரமிருந்தால் பூசணம் பிடிக்கும். உங்கள் வீட்டிலும் கம்பெனி ஆள் தள்ளாடி வந்தால் வாயை ஊதச் சொல்வதோடு விடாதீர்கள். சட்டையையும் மோந்து பாருங்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

விடிந்ததும், அப்பா அந்தச் சட்டையை எடுக்கும் முன்பே அம்மாவிடம் சொல்லப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அப்பா கோபித்துக்கொள்வார். என் முகம் தெரிகிற கண்ணோடு கோபித்துக்கொள்ளட்டும்.