ஏசிக்குக் கீழே என் சீட்டு

நான் குண்டாக இருந்த காலத்தில் குளிர் என்பது மற்றவர்களுக்கு மட்டும் வருகிற சமாசாரம். மார்கழியில் ஊரே மப்ளரைச் சுற்றிக்கொண்டு திரியும்போது நான் ஃபேனை முழு வேகத்தில் வைத்துத் தூங்குவேன். என் கணவர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு, இவளைக் கட்டிக்கொண்டதற்கு ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேனாகப் போயிருக்கலாம் என்று உள்ளேயிருந்தே முணுமுணுப்பார். காதில் விழாத மாதிரி திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அப்போது நான் வேலை பார்த்தது சுங்குவார்சத்திரம் தாண்டி, மெயின் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு சின்னக் கம்பெனியில். ரேடியோவுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் உள்ளே போகிற குட்டிக் காயில்களைச் சுற்றுவோம். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. ஈரக்காற்று ஆகாது என்று எங்கள் ஹாலுக்கு மட்டும் ஏசி போட்டிருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டு, புடவைக்கு மேலே நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். 1991இல் எங்கள் பக்கத்தில் சினிமா கொட்டகையில்கூட ஏசி கிடையாது. ஏசியில் வேலை செய்கிறவள் என்று எனக்கு ஊரில் தனி மரியாதை.

அந்த ஹாலில் ஏசிக் காற்று நேராகத் தலையில் இறங்குகிற சீட்டு ஒன்று உண்டு. அதில் யார் உட்கார்ந்தாலும் ஒரே வாரத்தில் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். சேர்ந்த புதிதில் நானே போய் சூப்பர்வைசரிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டேன். லைனில் இருந்த பெண்கள் அதற்கு ஊட்டி என்று பேர் வைத்தார்கள். ஊட்டியில் சொகுசாக உட்கார்ந்து நான் எல்லாரையும்விட வேகமாகக் காயில் சுற்றினேன். அந்தச் சீட்டின்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. மாதத்தில் வர வேண்டியது தனக்கு இஷ்டப்பட்டால் வரும், இல்லாவிட்டால் மூன்று மாதம் எட்டிப் பார்க்காது. ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் மனசு ஆசைப்படும், பிறகு ஒன்றுமில்லை என்று ஆகும். காஞ்சிபுரத்தில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தோம். பெரிய கோளாறு எதுவும் இல்லை, எடையைக் குறை, எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். இத்தனை வருஷத்து அழுகைக்கு இவ்வளவுதானா பதில் என்று எனக்குக் கோபமான கோபம். அந்தக் கோபத்தில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு வடை சாப்பிட்டேன். இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

ஆனால் விட்டேனா பார் என்று இறங்கினேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். கேழ்வரகு அடையும் கீரையுமாக ஆறேழு மாதம் ஓட்டினேன். காலையில் கணவரின் சைக்கிள் கேரியரில் மெயின் ரோடு வரை போய்க் கம்பெனி வேன் பிடிப்பது வழக்கம். அதை விட்டுவிட்டு ஏரிக்கரை வழியாக நடந்தேன். சைக்கிளுக்கு விமோசனம் கிடைத்தது என்றார் அவர். தீபாவளி வரும்போது வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின, ரவிக்கைகள் எல்லாம் டெய்லரிடம் போய்ப் பிடித்துத் தைத்து வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐப்பசியில் எனக்குத் தேதி தவறாமல் வந்தது. மற்ற பெண்கள் சலித்துக்கொள்கிற அந்த மூன்று நாளை நான் கொண்டாடினேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கூடவே குளிரும் வந்தது. ஐப்பசி மழையில் வேனுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. மறுநாள் ஊட்டி சீட்டில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் விரல் மரத்துவிட்டது. கம்பியை இழுத்துப் பிடிக்கிற பக்குவம் விரலில் இருக்க வேண்டும். விரல் விறைத்தால் கம்பி பட்டென்று அறுந்துவிடும். அன்றைக்கு நான் அறுத்த கம்பி அதுவரை அறுத்த மொத்தக் கம்பியைவிட அதிகம். சீட்டை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டு வாங்கிய சீட்டாயிற்றே, வாய் வரவில்லை. கோட்டுக்கு உள்ளே கணவரின் ஸ்வெட்டரைப் போட்டேன், காலுக்கு அவருடைய சாக்ஸ். மெட்டிமேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நடந்த பெண் அந்த ஹாலில் நான் ஒருத்திதான்.

கார்த்திகை பிறந்ததும் என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். முதல் வருஷம், கன்னிச்சாமி. குழந்தை வேண்டும் என்றுதான் வேண்டுதல். வேண்டிக்கொண்ட கையோடு விரதம் என்று பாயைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். குழந்தை வரம் கேட்கிற முறை இதுதானா சாமி என்று கேட்டேன். மாலை போட்டவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். சாமி சிரிக்காமல் போய் விளக்கேற்றினார். வாழ்க்கையிலேயே முதல்முதலாக எனக்குக் குளிர்கிறது, அந்த வருஷம் பார்த்துப் பக்கத்தில் ஆள் இல்லை. விடியற்காலையில் அவர் கொல்லையில் சரணம் சொல்லிக்கொண்டே பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டாலே, அடுப்படியில் இருக்கிற எனக்குப் பல் தந்தியடிக்கும்.

மாலை போட்ட வீட்டில் தூரமானவள் இருக்கக்கூடாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கி வைத்திருந்த கொட்டகையில்தான் அந்த மூன்று நாளும் இருக்க வேண்டும். முன்பு மாதிரி இருந்திருந்தால் ஒரு மண்டலமும் எனக்கு வராமலே தப்பித்திருப்பேன். ஒழுங்காக வர ஆரம்பித்ததால் ஒழுங்காகக் கொட்டகைக்குப் போனேன். வெளியே கார்த்திகை மழை. மூன்று கோணிச்சாக்கை மேலே போட்டுக்கொண்டும் நடுக்கம் நிற்கவில்லை. சாயந்திரம் என் மாமியார் தட்டு நிறையச் சுடுசோறும் மிளகு ரசமும் எடுத்துவந்து தள்ளி வைத்தார். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றேன். அவர் போகாமல் அங்கேயே நின்றார்.

"சோத்த நிறுத்திட்டா ஒடம்புல சூடு எங்கேர்ந்து வரும்? எனக்குப் பேரப்புள்ளையும் வாணாம், ஒண்ணும் வாணாம். நீ உசுரோட இருந்தா போதும்" என்றார்.

ஆறு வருஷத்தில் அந்த அம்மா என்னைக் குத்திப் பேசாத நாளும் உண்டு, பேசின நாளும் உண்டு. இந்த மாதிரி ஒரு வார்த்தையை அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. சாப்பிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அமிர்தம். அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். போதும், இனி தினமும் சாப்பிட்டுப் பழையபடி ஆகிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பழையபடி ஆனால் தேதியும் பழையபடி ஆகிவிடுமே என்று பயமாகவும் இருந்தது. கதகதப்பா குழந்தையா என்று யாரோ என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது.

கம்பெனியில் வேறு கூத்து. மத்தியானம் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். என் மாமியாரின் கருவாட்டுக் குழம்புக்கு அங்கே பெரிய பேர், எல்லாருடைய கையும் முதலில் என் டிபன் பாக்ஸுக்குத்தான் வரும். கார்த்திகையில் ஒருவரும் கை வைக்கவில்லை. வீட்டில் மாலை போட்டிருப்பதால் கருவாடு இல்லை, வெறும் சாம்பாரை யார் சீண்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் பொரித்த மீன் எடுத்துவந்தால் எனக்குக் கொடுக்காமல் இருந்ததையும் விரத வீட்டுக்குக் காட்டுகிற மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். கடைசி சீட்டு அக்காதான் ஒருநாள் கை கழுவும் இடத்தில் நிறுத்திச் சொன்னார். அவர் லைனிலேயே மூத்தவர், மூன்று பிள்ளை பெற்றவர், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"உனுக்கு டிபின்னு பேசிக்கிறாளுங்க. துரும்பா எளச்சிட்ட, எப்பப் பாரு நடுங்கிக்கினே கீற. எனுக்கே டவுட்டா கீது. ஒரு தபா டாக்டர பாத்துட்டு வந்துடு."

எனக்குச் சுருக்கென்றது. கஷ்டப்பட்டு இளைத்ததைப் பார்த்து ஒருத்திகூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. வியாதிக்காரி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் டமால் டமால் என்று வைத்தேன். சாமியிடம்கூடப் பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அந்த பயம் ஒட்டிக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமியாரைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போனேன்.

டாக்டர் ரத்தம் பார்த்தார், நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எல்லாம் சுத்தமாக இருந்தது. பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை, உடம்பின்மேல் இருந்த கம்பளியை நீயே கழற்றிப் போட்டுவிட்டுக் குளிர்கிறது என்று என்னிடம் வந்தால் நான் என்னம்மா செய்வேன் என்றார். இனிமேல் இளைக்க வேண்டாம், இந்த எடையில் நில், பசித்தால் வயிறாரச் சாப்பிடு, நடப்பதை மட்டும் விடாதே, ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்றார். உடம்புக்கு இந்தப் புது அளவு பழகக் கொஞ்ச நாள் ஆகும், மாதாமாதம் சரியாக வருகிறதல்லவா, அதைப் பிடித்துக்கொள் என்றார். போன முறை எனக்குக் கோபமூட்டிய அதே டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மாமியார் வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டில் எனக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார். ஒன்று போதும் என்றேன்; மற்றதை அவர் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மாமனார் உயிரோடு இருந்தபோது வயலுக்குத் தண்ணீர் கட்டப் போர்த்திக்கொண்டு போகும் கறுப்புக் கம்பளியை எடுத்து உதறி வெயிலில் போட்டார். அடுத்த முறை கொட்டகைக்கு நான் போனபோது அது எனக்கு முன்னால் அங்கே இருந்தது. உள்ளே ஒரு சட்டியில் தணலும் போட்டு வைத்திருந்தார். விரதத்தையும் மீறக்கூடாது, மருமகளும் விறைக்கக்கூடாது என்று அந்த அம்மா கண்டுபிடித்த வழி அது.

கம்பெனியில் எக்ஸ்ரே படத்தை மத்தியானச் சாப்பாட்டின்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினேன். ஒருத்திக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, எனக்கும்தான். ஆனாலும் அன்றைக்கு என் சாம்பார் காலி. அக்கா தன் பொருட்களை அள்ளிக்கொண்டு வந்து என்னை எழுப்பிவிட்டு ஊட்டியில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய சீட்டு, கம்பி நுனியை உருகின ஈயத்தில் முக்கி எடுக்கிற சட்டிக்குப் பக்கத்தில். அங்கே கதகதப்பாக இருக்கும். மார்கழி முழுக்க அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றினார், நான் விரல் விறைக்காமல் சுற்றினேன். வேண்டாம் என்று நான் சொன்னால், வேலையைப் பார் என்பார்.

மார்கழிக் கடைசியில் சாமி மலைக்குப் போய் இருமுடி இறக்கிவிட்டு அரவணைப் பாயச டப்பாவோடு வந்தார். மாலையைக் கழற்றினார், திரும்பக் கணவர் ஆனார். பாயும் திரும்பி வந்தது. பழைய போர்வைக்கு இப்போது நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டோம். எத்தனையோ வருஷம் தனியாகப் போர்த்திக்கொண்டு படுத்தவர், பாதியை விட்டுக்கொடுக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தார். தையில் எனக்குத் தேதி சரியாக வந்தது. வந்ததில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தாலும், அது ஒழுங்காக வருகிறதே என்று தேற்றிக்கொண்டேன். நம்பிக்கை என்பதை அந்த வருஷம்தான் பழகினேன்.

மாசி முடிகிற சமயம். ஒருநாள் காலையில் வேலையை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஈயச் சட்டியின் அனல் என் முகத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது. சாக்ஸைக் கழற்றினேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் கோட்டுக்கு உள்ளே இருந்த ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டு வந்தேன். அப்படியும் கழுத்து வேர்த்தது. பழையபடி எடை ஏறிவிட்டதோ என்று திக்கென்றது. கையைப் பார்த்தேன், வளையல்கள் இன்னமும் முழங்கை வரைக்கும் ஓடின. அக்காவிடம் போய், என் சீட்டை எனக்கே கொடுத்துவிடுங்கள், அங்கே வேகிறது என்றேன்.

அவர் கம்பியை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றி வேர்வையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தேதி எப்ப?" என்று கேட்டார்.

போன வாரமே என்று சொல்ல வாயைத் திறந்தேன். விரலை மடக்கி எண்ணினேன். மாலை போட்ட வீட்டில் நாள் எண்ணி எண்ணிப் பார்த்தவள், தை தாண்டிய பிறகு எண்ணுவதை மறந்தே போயிருந்தேன். வர வேண்டிய போன வாரம் போய், இந்த வாரமும் பாதி போயிருந்தது. அக்கா எழுந்து, என் தோளைப் பிடித்து என்னை ஊட்டியில் உட்காரவைத்தார். அழாதே, கம்பிமேல் கண்ணீர் பட்டால் சூப்பர்வைசர் கத்துவான் என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஏசிக் காற்று நேராக என் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. விரலில் கம்பியைப் பிடித்தேன். எனக்குக் குளிரவே இல்லை.