பேல் மேல் எழுதிய நம்பர்

நோன்புப் பெருநாள் முடிந்ததும் மெட்ராஸ் போய்விடலாம் என்றிருந்தாள் நூர்னிசா. புருஷன் ஹுமாயூன் ராயபுரத்தில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்திருந்தான். அது 1999 கடைசி. ராஜபாளையத்தில் ஐயாதுரையின் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மாமனார் காதர் அங்கேயே குடோன் பார்த்தார். குடியிருந்ததும் கம்பெனி வீடு.

போவதற்குள் ஒரு வெப்சைட் வேண்டும் என்றார் ஐயாதுரை. வியாபாரிகள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தங்கள் விலையைப் பார்த்து ஆர்டர் போட வேண்டும். ஆளுக்கு ஒரு விலை, ஒருத்தர் விலை மற்றவருக்குத் தெரியக்கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

"ஒவ்வொரு பார்ட்டிக்கும் என்ன நம்பர் வைக்க மொதலாளி?"

"பேல்ல எழுதுத நம்பரையே வையி. அவிய எல்லாருக்கும் மனப்பாடம்."

வைத்தாள். வெப்சைட் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி, அதையடுத்து பார்ட்டி=14 என்று வரும். சர்வரில் இருந்த அவளுடைய புரோகிராம் அந்த நம்பரைப் பார்த்து அதற்குரிய விலையை எடுத்து நீட்டும். கேட்பது யார் என்று விசாரிக்காது. ஆனால் பேல் நம்பர் என்பது கட்டிய துணிப் பொதியின் மேல் பெயிண்டில் பெரிதாக எழுதப்பட்டு லாரி செட்டில் கிடப்பது. யாருக்கு எந்த நம்பர் என்பது ஊருக்கே தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஞானதுரை 14ஐ அழித்துவிட்டு, சேத்தூர் சோலைச்சாமியின் 9ஐ அடித்துப் பார்த்தார். அடுத்த பஸ்ஸில் நேரே வந்துவிட்டார்.

"சேத்தூர்க்காரன் ஒம்ம மச்சினனா அண்ணாச்சி? அவனுக்கு மட்டும் அம்புட்டுக் கொறைச்சல்?"

அவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு ஐயாதுரை நூர்னிசாவைக் கூப்பிட்டார். "இதச் சரி பண்ணாம நீ எங்கயும் நகரக் கூடாது." வாசலில் நின்ற காதர் தரையைப் பார்த்தார்.

சரி பண்ணினாள். இப்போது நம்பர் மட்டும் போதாது, பாஸ்வேர்டும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளுடையதா என்று புரோகிராம் சோதித்த பிறகே விலையைக் காட்டும். நம்பரை மாற்றி அடித்தால் கதவைச் சாத்திவிடும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "நான் தந்தத மாத்தி நீங்களா ஒண்ணு வச்சுக்கோங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

ஒருத்தரும் மாற்றவில்லை.

"அதெல்லாம் ஞாபகம் நிக்காதும்மா. நீயே வச்சுக்க, வேணுங்கைல போன் போடுதேன்" என்றார் சோலைச்சாமி. ஞானதுரையோ, "ஐயாதுரைய நம்ப மாட்டேன், எம்பேர்ல அவரே ஆர்டர் போட்டுட்டு பில்ல நீட்டுவாரு. காதர் பாய் மருமவள நம்புதேன்" என்றார்.

பெருநாள் மறுநாள் பிரியாணித் தூக்கோடு விடைபெறப் போனாள்.

"எல்லாத்தையும் மனசுக்குள்ள பூட்டிக்கிட்டு மெட்ராஸ் போறேங்கியே, நல்லாருக்கே!" என்றார் ஐயாதுரை.

"எழுதிக் குடுத்துட்டுப் போறேன் மொதலாளி."

"என் கைக்கு வந்துட்டா அவிய ஆர்டர் போடுவாகளா? இல்ல, மெட்ராசுக்கு எஸ்டிடி போட்டு ஒன்னயக் கேப்பாகளா? செத்த நாள் போகட்டும். என்ன காதர் பாய்?"

காதர் தூக்கை வாங்கி மேசைமேல் வைத்தார். "மொதலாளி சொல்றத கேளும்மா."

அடுத்த வாரம் கம்பெனி போனில் ஹுமாயூன் வந்தான். "வீட்டுக்காரர் வேற ஆளுக்கு விடப்போறாராம். வாரியா, இல்லையா?"

ஐயாதுரை எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவில்லை.

"அட்வான்ஸத் திரும்ப வாங்கிருங்க" என்று சொல்லி வைத்தாள்.

வைத்த கை எடுப்பதற்குள் மறுபடியும் மணி அடித்தது.

"ஏம்மா, சேத்தூர்லருந்து சோலைச்சாமி பேசுதேன்."

"எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்றாள்.

"எழுதல்லாம் வேண்டாம்மா. சொல்லு, அடிக்கேன்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.