கடைசியா என்ன மாத்தினீங்க?

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் நின்றுபோன லிஃப்டின் பக்கத்தில் போனதும் முதலில் பையைத் திறக்க மாட்டார்கள், வாயைத்தான் திறப்பார்கள். "கடைசியா என்ன மாத்தினீங்க?" என்று கட்டடத்துக் காவலாளியைக் கேட்பார்கள். "எதையுமே மாத்தல சார், அதுவா நின்னுபோச்சு" என்று காவலாளி சத்தியம் செய்வார். அது பச்சைப் பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மூன்றாம் மாடியைக் கழுவிவிட்ட தண்ணீர் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் புதிதாக வாங்கிப் போட்ட மிதியடியின் நூல் கதவு ஓடும் காடியில் போய்ச் சிக்கியிருக்கும். மாற்றியது எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தமாதிரி.

நம் மெக்கானிக் பத்தொன்பது வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டே பிழைத்தவர். "இவர் வாய்ல இருந்து முத்து உதிரணும்னா ஒரு லிஃப்ட் நிக்கணும்" என்று கூட்டாளி கேலி செய்வார். கூட்டாளிக்குப் பட்டப்பெயர் ரேடியோ. பெயருக்கு ஏற்ற ஆள், அணைக்கவே முடியாது. ஊரெல்லாம் கேள்வி கேட்ட மெக்கானிக், தன் வீட்டில் பழுது வந்தபோது மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்.

வீட்டில் இருந்தது ஏழு வயது மகள். அவளுடைய மூக்கும் நாக்கும் நம்முடையதைப் போன்றவை அல்ல. கீழ் வீட்டில் யாராவது நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தால் மேல் வீட்டில் இவள் தலையைப் பிடித்துக்கொள்வாள். ஒரே தொட்டியிலிருந்து வரும் இரண்டு குழாய்த் தண்ணீரை ருசி பார்த்தே வேறு வேறு என்பாள். காலையில் முட்டை சாப்பிட்டுவிட்டு வந்த டீச்சர் பக்கத்தில் குனிந்து பாடம் சொன்னால் அந்த வீச்சத்தில் இவளுக்குக் குமட்டும். அம்மா அவளுக்கு மூக்குராணி என்று பெயர் வைத்திருந்தாள்.

சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இதற்கு ஒரே வைத்தியம்தான் இருந்தது. "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க. ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா சாப்பிடுவா." அம்மாவும் ஒருமுறை மனசைக் கல்லாக்கிக்கொண்டு போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். பிள்ளை சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு இந்த வைத்தியத்தைச் சொன்னவர்களுக்கு அந்த வீட்டில் டீ கிடைத்ததில்லை.

அவள் சாப்பிட்டது நாலே பொருள்தான். உப்பில்லாத வெள்ளைச் சோறு, புள்ளி விழாத வாழைப்பழம், தனிப் பாத்திரத்தில் காய்ச்சிய பால், அவித்து மசித்த உருளைக்கிழங்கு. உடம்பில் சதை என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் கிழங்கு போட்டது. கொதிக்கக் கொதிக்க எடுத்து, துணியில் பிடித்துத் தோலை உரித்து, அம்மா கையாலேயே மசித்துக் கொடுப்பாள்.

அப்பாவுக்கு இதிலெல்லாம் இடம் இல்லை. மகளுக்கு மூன்று வயதில், ஒரு லிஃப்ட் கதவுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுத் தின்னர் நெடியோடு வந்து அவளைத் தூக்கினார். அவர் மடியிலேயே அவள் வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து தன் தொழில்தான் பிள்ளைக்கு எதிரி என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும் வாசலோடு குளியலறைக்குள் போய்விடுவார். கிரீஸ் போக சோடா மாவு, பிறகு வாசனை இல்லாத சோப்பு, மறுபடியும் சோடா மாவு. தோல் வெளுத்த பிறகுதான் மகள் இருக்கும் பக்கம் வருவார். அவருடைய வேலைத் துணி தனி வாளியில், மூடி போட்டு இருக்கும்.

பத்து மாதத்துக்கு முன் ஒரு காலையில், பேருந்துக்கு நின்றுகொண்டிருந்த மனைவி நின்ற இடத்திலேயே சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மெக்கானிக் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவர் அழவில்லை. கல்நெஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பல் பிடுங்கப் போனால் ஊசி போடுவார்களே, அதற்குப் பிறகு கன்னத்தைக் கிள்ளினாலும் யாருடைய கன்னத்தையோ கிள்ளுவதுபோல் இருக்குமே, அப்படி இருந்தது அவருக்கு. காரியங்களை முடித்தார், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், பத்தாம் நாள் வேலைக்குப் போனார். ரேடியோகூட அந்த ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தார், தாங்க முடியாமல் மறுபடி ஆரம்பித்துவிட்டார். எது பேசினாலும் இவருக்கு ஒன்றுதான். சோறும் ஒன்றுதான், வைக்கோலும் ஒன்றுதான்.

மனைவியின் தங்கை வந்து ஆறு மாதம் கூட இருந்தாள். மகளுக்குச் சித்தி. அக்கா செய்ததைப் பார்த்துப் பழகியவள், அதனால் பால், சோறு எல்லாம் தட்டுத் தடுமாறினாலும் கிழங்கு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு சித்திக்கும் வேலை, வீடு என்று இருக்கிறதே, அவள் கிளம்ப வேண்டியதாயிற்று. அவள் கிளம்பிய வாரம்தான் குழந்தை டாக்டர், "சாப்பிடுற இடத்துல வேற வாசனை எதுவும் இல்லாம பாத்துக்குங்க" என்று சொல்லியிருந்தார்.

டாக்டர் சொன்னது சாப்பிடும் இடத்தை. மெக்கானிக் காதில் விழுந்தது வீடு முழுவதும். பழுது எங்கே என்று தெரியாதபோது ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்ப்பது அவர் தொழில் முறை. அப்படியே வீட்டில் இறங்கினார். ஃபினாயில் போயிற்று. ஷூ பாலிஷ், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ரப்பர் செருப்பு, பழைய தலையணை, சமையலறை ஆணியில் தொங்கிய கரித்துணி, திரைச்சீலை எல்லாம் குப்பை வண்டிக்குப் போயின. மனைவியின் துணிகளைச் சித்தியிடம் கொடுத்தனுப்பினார். தானும் இரண்டு வேளைக்கு மூன்று வேளையாகக் குளித்தார். கழற்றியதால் சரியாகவில்லை என்றால் உடனே திரும்ப மாட்டிவிட வேண்டும் என்பது அதே தொழிலின் அடுத்த விதி. அதை மட்டும் விட்டுவிட்டார்.

வீடு ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாயிற்று. மகள் கிழங்கையும் நிறுத்தினாள். கொஞ்சம் பாலும் பழமும்தான் மிச்சம்.

"ஏன் பாப்பா, நல்லாத்தானே இருக்கு?"

அவள் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய்விட்டுத் தள்ளி வைத்தாள். "இது யாரும் செய்யாத கிழங்குப்பா."

"அப்பாதான் செஞ்சேன்."

"இல்ல. யாரும் செய்யல."

அவர் கிழங்கை மாற்றினார். தண்ணீரை மாற்றினார், பாத்திரத்தை மாற்றினார். மனைவியின் ஸ்வெட்டர் ஒன்று பெட்டி அடியில் தப்பிக் கிடந்தது. ஒருவேளை இதுதானோ என்று எடுத்துக் கொடுத்தார். மகள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அம்மா இல்லப்பா, பெட்டி" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் கன்ன எலும்பு தெரிந்தது. ஆஸ்பத்திரித் தராசு பதினைந்து கிலோ இருநூறு காட்டியது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "அடுத்த மாசம் பதினஞ்சுக்குக் கீழ போச்சுன்னா நாம காத்திருக்க முடியாது. அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் உணவு குடுக்கணும்."

மூக்கு வழியாக என்றதும் மகள் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வரும்வரை எடுக்கவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண், "என்னம்மா, அவ்ளோ நாத்தமா?" என்று சிரித்தாள். அவர் மகளை ஜன்னல் பக்கம் மாற்றி உட்கார வைத்தார். பயப்பட வேண்டிய நேரம் இது என்று அவருக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை.

சித்தியின் கைப்பக்குவம் போனதுதான் காரணம் என்று அவர் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். அவள் பவுடர்கூடப் போடாமல் ஓடி வந்தாள். கிழங்கு வெந்ததும் ஆணியைத் தடவினாள்.

"கரித்துணி எங்க மாமா? கை சுடுது."

"தூக்கிப் போட்டுட்டேன். புதுசு இருக்கு பாரு."

வெள்ளை வெளேரென்ற புதுத் துணியில் பிடித்து உரித்து மசித்தாள். மகள் முகர்ந்தாள். "இதுவும் யாரும் செய்யல சித்தி." சித்தி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். அவர் பாத்திரத்தைக் கழுவி வைத்தார். இனி மாற்றுவதற்கு அந்த வீட்டில் ஒன்றும் மிச்சம் இல்லை.

புதன்கிழமை நண்பகல், ஒன்பது மாடிக் கட்டடத்தின் குழிக்குள் இறங்கி அவர் லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து ரேடியோ கத்தினார். "மாப்ள, ஏறி வா! ஸ்கூல்ல இருந்து போன். பாப்பாவுக்கு மயக்கமாம். பயப்படாத, உக்காந்துட்டாளாம். நீ போ, நான் பாத்துக்கறேன்."

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அவர் கை கழுவாமல் தெருவில் ஓடினார்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். குளிக்க வேண்டும் என்று தோன்றியது. இவளை விட்டுவிட்டு எப்படிக் குளிப்பது? பாயில் படுக்க வைத்துவிட்டுக் கிழங்கை அடுப்பில் ஏற்றினார். சாப்பிட மாட்டாள் என்று தெரியும். வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. தேய்த்துத் தேய்த்து விரல்களை மட்டும் ஒருவழியாக வெளுப்பாக்கினார். கிழங்கு சுட்டது. வெள்ளைத் துணி அலமாரியில் இருந்தது, மகளோ முனகிக்கொண்டிருந்தாள். போட்டிருந்த வேலைச் சட்டையின் நுனியை இழுத்து அதில் பிடித்துத் தோலை உரித்தார்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினார். மகள் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். மூக்கு மட்டும் அசைந்தது.

"அம்மா வந்தாங்களா?"

அவர் கிழங்கை மசித்துக் கிண்ணத்தில் போட்டு நீட்டினார். அவள் கிண்ணத்தை வாங்கினாள், முகர்ந்தாள், தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு கிழங்கு முடிந்தது. "இன்னும்" என்றாள். இரண்டாவதும் முடிந்தது.

"பாப்பா, இதை மட்டும் எப்படிச் சாப்பிட்ட?"

"இது அம்மா வாசனை."

"எங்க?"

அவள் கிரீஸ் பிடித்த அந்தச் சட்டை நுனியைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். காவலாளிகளைக் கேட்கும் கேள்வி, இத்தனை மாதம் கழித்து, அப்போதுதான் தொண்டைக்கு வந்தது. போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டார்.

"அந்தக் கரித்துணி... அது என்ன துணி?"

"அதுவா? உங்க பழைய வேலைச் சட்டைதான் மாமா. அக்கா கிழிச்சு வெச்சிருந்தாங்க. எத்தன தடவ துவைச்சாலும் அந்த கிரீஸ் வாடை போகாது. அக்கா தோள்லயேதான கெடக்கும் எப்பவும்? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் பார்க்கும் நேரத்தில் அது ஆணியில் தொங்கிய ஒரு கறுப்புத் துணி, அவ்வளவுதான். மனைவிக்கே இது தெரிந்திருக்குமா என்பதும் தெரியாது. இத்தனை வருடம் வாசலோடு ஓடிப்போய்ச் சோடா மாவு போட்டுத் தேய்த்து அவர் விரட்டிக்கொண்டிருந்தது, உள்ளே அவள் தோளில் கிடந்திருக்கிறது. பிள்ளை அதைத்தான் அம்மா என்று முகர்ந்து வளர்ந்திருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் எழுந்து குளியலறைப் பக்கம் போனார். மகள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு வேணாம்ப்பா." அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் அவர் தோளில் மூக்கை வைத்துத் தூங்கிப்போனாள். ஏழு வயதுப் பிள்ளையின் கனமே இல்லை. இவ்வளவு பக்கத்தில் அவள் வந்து நாலு வருடம் ஆயிற்று. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். நினைக்கத்தான் முடிந்தது.

அடுத்த இரண்டு வாரம் அவர் வேலைச் சட்டையோடுதான் சமைத்தார். சட்டை ஒன்றைக் கிழித்து ஆணியிலும் மாட்டினார். "குளிக்கிறத நிறுத்திட்டியா மாப்ள, லிஃப்ட்ல கூட வர ஆளுங்க படியில இறங்கிப் போறாங்க" என்றார் ரேடியோ. காரணத்தைச் சொன்னதும் ரேடியோ அரை மணி நேரம் தானாகவே அணைந்து கிடந்தார்.

டாக்டர் மறுபடி வரச் சொன்ன நாளன்று மகள் அவரை அந்தச் சட்டையிலேயே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே பிள்ளையைத் தராசில் ஏற்றினாள். பதினைந்து கிலோ எண்ணூறு.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். "பரவாயில்லையே! டியூபெல்லாம் வேணாம்." அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த மகள் கையை எடுத்தாள். டாக்டர் பேனாவை எடுத்தார். "எழுதிக்கறேன், சொல்லுங்க. கடைசியா என்ன மாத்தினீங்க?"

மெக்கானிக் பதில் சொல்ல வாயைத் திறந்தார். எதையும் மாத்தல டாக்டர் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தார். அழுகைதான் வந்தது. மனைவியைக் கொண்டுபோன அன்று வராதது, பத்து மாதம் எங்கே கிடந்ததோ, மொத்தமாக வந்தது. பல் ஊசியின் மரப்பு விட்டபின் வலிக்குமே, அப்படி வலித்தது. தராசைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் பார்க்கிறாள் என்றுகூட இல்லாமல், குலுங்கிக் குலுங்கி அழுதார். குனிந்த முகத்திலிருந்து கண்ணீர் சட்டையின் மார்பில் சொட்டிக்கொண்டே இருந்தது.

மகள் அவசரமாகத் தராசை விட்டு இறங்கி வந்தாள். எட்டி, தன் உள்ளங்கையால் அவர் தாடையைத் தாங்கிப் பிடித்தாள்.

"அப்பா, சட்டையை நனைக்காதீங்க."