குடைக்கடை கொன்சல்

ஹட்டன் கடைத்தெருவில் றோலண்ட் அண்ணனின் குடைக்கடைக்கும் என் போட்டோ கொப்பிக் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பலகைச் சுவர். அவர் கடையில் நடப்பதில் பாதி எனக்குத் தானாகவே கேட்கும். மீதியை நானே போய்க் கேட்டுக்கொள்வேன். அவரைப் பற்றி ஊரில் பல விதமாகப் பேசுகிறார்கள். நான் சொல்வதில் அவ்வளவு கலப்படம் இருக்காது.

அவர் பிறந்தது லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு குடைக்கடையில் சேர்ந்தார். அங்கே ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. கொழும்பில் மழை எப்போதாவதுதான் வரும். நம்ம ஊரில் மழை எப்போதாவதுதான் நிற்கும். முதலாளியிடம் கேட்டுக் கொஞ்சம் சரக்கு வாங்கிக்கொண்டு ஹட்டனுக்கு ரயில் ஏறிவிட்டார். குடை, மழைக்கோட்டு, முழங்கால் சப்பாத்து, கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு என்று கடை பெருத்தது.

வியாபாரத்தில் அவர் செய்த ஒரே தந்திரம் நாற்காலி. மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்குக் கடைக்குள் வரிசையாக நாற்காலி போட்டு வைத்தார். உட்காரச் சொல்வார், பிளேன்டீ கொடுப்பார், பிள்ளைகுட்டிகளை விசாரிப்பார். குடை என்ற வார்த்தை அவர் வாயில் வராது. டீயையும் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழும்ப யாருக்குத்தான் மனசு வரும்? வீட்டில் நாலு குடை வைத்திருக்கிறவனும் ஐந்தாவதை வாங்கிக்கொண்டு போவான்.

அந்த நாற்காலியில்தான் ஒரு நாள் அந்தத் தூதுவர் அம்மா வந்து உட்கார்ந்தார். ஐரோப்பாவின் வடக்குக் கோடியில் இருக்கிற ஒரு சின்ன நாட்டின் தூதுவர். அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. றோலண்ட் அண்ணனே அதை மூன்று விதமாக உச்சரிப்பார். எது சரி என்று இன்று வரை முடிவாகவில்லை. அந்த அம்மாவுக்கு அலுவலகம் டெல்லியில்; இலங்கையும் அவர் பொறுப்பில்தான். நுவரெலியா பார்த்துவிட்டுத் திரும்பும்போது பாதையில் மண்மேடு சரிந்து ரயில் நின்றுவிட்டது. ஹட்டனில் இறங்கியவரை மழை பிடித்தது, மழை பிடித்தவரை றோலண்ட் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

அவருடைய இங்கிலீஷ், கடைக்கு வந்த வெள்ளைக்காரர்களிடம் துண்டு துண்டாகப் பொறுக்கியது. இருந்தும் இரண்டு பேரும் சாயங்காலம் வரை பேசினார்கள். தன் நாட்டுப் பிள்ளைகள் இந்த மலைக்கு வந்து கடவுச்சீட்டைத் தொலைப்பதும், சிவனொளிபாத மலையில் காலை உடைத்துக்கொள்வதும், வயிறு கெட்டுப் படுத்துக்கொள்வதும் தனக்குத் தலைவலியாக இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். இப்படி வந்து மாட்டுகிறவர்களைத் தானே பல தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதாக இவர் சொன்னார். அது உண்மைதான். போகும்போது அந்த அம்மா இரண்டு குடை வாங்கினார். சில மாதங்களில், அந்த நாட்டுக்காரர்களுக்கு இங்கே உதவுகிற, சம்பளம் இல்லாத கௌரவ கொன்சல் பதவி ஒன்று றோலண்ட் அண்ணனைத் தேடி வந்தது. கொழும்பில் வெளிநாட்டு அமைச்சும் சரி என்றுவிட்டது.

கூடவே ஒரு கொடி, ஒரு முத்திரை, ஒரு பித்தளைப் பலகை. கொடியைக் கடை முகப்பில் தொங்கவிட்டார். அந்த நாட்டுக்காரர் ஒருவர் வந்து, அது தலைகீழாகத் தொங்குகிறது என்றார். திருப்பிப் போட்டார்கள். அடுத்து வந்தவர் இப்போதுதான் தலைகீழ் என்றார். அதற்குப் பிறகு அதைச் சுருட்டியே வைத்தார்கள்.

கொன்சல் என்றால் என்னவென்று கடைத்தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. கவுன்சில் மெம்பரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அடைத்துப்போன சாக்கடைக் கானையும் எரியாத தெருவிளக்கையும் அவரிடம் முறையிட்டார்கள். ஆரம்பத்தில், தான் கவுன்சில் மெம்பர் இல்லை என்று விளக்கிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய், பிரதேச சபைக்கு டெலிபோன் எடுத்து, “கொன்சல் பேசுறேன்” என்று சிங்களத்தில் கண்டிப்பாகச் சொல்ல ஆரம்பித்தார். மறுநாள் விளக்கு எரியும். அந்தப் பக்கம் கேட்டவருடைய காதுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குளவி விஷயம் நடந்தது.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அந்த நாட்டு இளம் தம்பதி ஒன்று ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தது. அது சவுக்கு மரத்தில் இருந்த குளவிக்கூட்டில் போய் மோதியது. குளவிகள் கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மேல் பாய்ந்தன. படம் எடுத்தவர்களையும் விடவில்லை. நிலைமை மோசமான பெண்களைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் அந்த இரண்டு பேரையும் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் உட்காரவைத்துச் சுற்றி நின்றுகொண்டார்கள். பதில் சொல்லாமல் யாரும் போக முடியாது என்றுவிட்டார்கள்.

செய்தி வந்ததும் றோலண்ட் அண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினார். என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

களத்தில் முன்னால் நின்றவர் ராக்காயி. அந்த மலையில் பெண்களுக்காகப் பேசுகிறவர் அவர்தான். அவருக்கும் குளவி கொட்டி ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண்ணால் அண்ணனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“நீங்க யாரு பக்கம் பேச வந்திருக்கீங்க?”

“இவங்க நாட்டுக்கு நான் கொன்சல். இவங்க பக்கம் பேசத்தான் வந்தேன்” என்றார் அண்ணன். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பொய் சொல்லியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்ப எங்க பக்கம் யாரு பேசுவா?”

அண்ணன் ஆட்டோவைக் காட்டினார். “அதையும் நானே பேசுறேன். ஆனா ஒரு நேரத்துல ஒரு பக்கந்தான் பேச வரும். மொதல்ல இந்தப் பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். உங்களுக்கும் கண்ணு வீங்கியிருக்கு, நீங்களும் ஏறுங்க.”

ராக்காயி பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பி, தானே ஆட்டோவில் ஏற்றினார். முகம் வீங்கிய நிலையில் அந்தத் தம்பதியும் ராக்காயியும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொள்ள, அண்ணன் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு போனார். எனக்கு இடமில்லாமல் நான் நடந்து இறங்கினேன்.

அடுத்த நாள் அண்ணன் தோட்டத்து மேனேஜரான துரையைப் பார்க்கப் போனார். கூடுகளை எடுக்கச் சொல்லித் தொழிலாளிகள் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; ஆள் இல்லை, ஏணி இல்லை என்று துரை தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பங்களாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, நிதானமான இங்கிலீஷில், “என் அரசாங்கம் இதையிட்டு ஆழ்ந்த கவலை கொண்டிருக்கிறது” என்றார். துரைக்கு முகம் மாறிவிட்டது. கொழும்பில் இருந்த கம்பெனிக்கு டெலிபோன் போனது. அந்த வாரமே ஆள்கள் வந்து மலை முழுக்கக் கூடுகளை இறக்கினார்கள்.

உண்மையில் அவருடைய அரசாங்கத்துக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. தூதுவர் அம்மா லீவில் இருந்தார். எந்த அரசாங்கம் கவலைப்பட்டது என்று நான் பிறகு கேட்டேன்.

“தொரை அதைக் கேக்கலையே” என்றார்.

தூதுவர் அம்மா கேட்டார். லீவு முடிந்து வந்து அவர் எடுத்த டெலிபோன் பலகைச் சுவர் வழியாக எனக்குப் பாதி கேட்டது. அண்ணன் நிறைய நேரம் ‘யெஸ் மேடம்’ மட்டும் சொன்னார். கடைசியில் அந்த அம்மா, தங்கள் அரசாங்கம் கவலைப்படுவதாகவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த தடவை முன்கூட்டியே தெரிவித்தால் நல்லது என்றாராம்.

பிறகு பிரதேச சபைத் தேர்தல் வந்தது. இரண்டு பெரிய அணிகள். ஒன்றுக்குத் தலைவர் சுதாகரன், லொறி வைத்திருப்பவர். மற்றதற்குப் பொன்னையா, பழைய தொழிற்சங்கக்காரர். இரண்டு பேருமே அண்ணனைத் தங்கள் பட்டியலில் இழுக்கப் பார்த்தார்கள். இருவரிடமும் அவர் சிரித்துப் பேசி, பிடி கொடுக்காமல் அனுப்பினார். கொன்சலாக இருப்பவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்பது நல்ல சாக்காக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்காயி ஏழெட்டுப் பெண்களோடு கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

“அன்னைக்கு ரெண்டு பக்கமும் பேசுறேன்னு சொன்னீங்க. அவங்க பக்கம் பேசி முடிச்சிட்டீங்க. எங்க பக்கத்தை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?”

குளவிக்கூட்டை எடுக்க வைத்தேனே என்று அண்ணன் முனகினார். அது குளவிக்கு, ரோட்டுக்கு என்ன என்று கேட்டார் ராக்காயி. தோட்டத்தில் அவர்கள் இருக்கிற மேல் டிவிசனுக்கு வண்டி போகிற பாதை கிடையாது. அன்று குளவி கொட்டியவர்களைப் போர்வையில் கட்டித்தான் லொறி நின்ற இடத்துக்குத் தூக்கி வந்தார்கள்.

அவருடைய மனைவி ஜோசப்பின் பாடசாலையில் படிப்பிக்கிறவர். கணவரை நன்றாக அறிந்தவர். அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் சொன்னதை அண்ணனே என்னிடம் ஒப்பித்தார்: “கொன்சலா இருந்தா வருசத்துக்கு ஒருக்கா கொழும்பு ஹோட்டல்ல நமக்குச் சாப்பாடு போடுவாங்க. மெம்பரா ஆனா தெனமும் நம்ம வீட்டுல ஊருக்கே சாப்பாடு போடணும். யோசிச்சு முடிவெடுங்க. அரிசி கழுவப் போறது நான் இல்ல.”

அண்ணன் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்து, கொன்சல் பதவியை விட்டார். தூதுவர் அம்மா நேரில் வந்து முத்திரையையும் பலகையையும் வாங்கிக்கொண்டார். கொடியைப் பிரித்து, எது மேல் பக்கம் என்று காட்டிவிட்டு எடுத்துப்போனார்.

சுயேச்சையாக நின்றவருக்குக் கிடைத்த சின்னம் அன்னாசி. நம்ம குளிருக்கு அன்னாசி விளையாது. அவிசாவளையிலிருந்து பழம் தருவித்து ஊர்வலத்தில் தூக்கிப் போனார்கள். முடிவதற்குள் பிள்ளைகள் சின்னத்தைத் தின்றுவிடுவார்கள். ஆனாலும் அவர் தன் வட்டாரத்தில் வென்றார். தோட்டத்துப் பெண்கள் அள்ளிப் போட்டார்கள். கடைத்தெருக்காரர்கள், இவ்வளவு நாளாக இருக்கிற மெம்பரை ஏன் மாற்றவேண்டும் என்று போட்டார்கள்.

சபையில் சுதாகரனுக்கும் பொன்னையாவுக்கும் சம அளவு ஆள்கள். நடுவில் அண்ணனின் ஒற்றை வாக்கு. சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் யார் என்பது அவர் கையில். அன்றிலிருந்து எங்கள் பக்கம் வாகனம் நிறுத்த இடமில்லை.

சுதாகரன் வந்து மேல் டிவிசனுக்குப் பாதி ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னார். அண்ணன் நன்றி சொல்லிவிட்டு, அதைப் பொன்னையாவிடம் மெதுவாகக் காதில் போட்டார். பொன்னையா முழு ரோடு என்றார். அது சுதாகரன் காதுக்குப் போனது. முழு ரோடும், இரண்டு பக்கமும் கானும் என்றார் அவர். பொன்னையா அதற்கு மேல் கோயில் திருப்பத்தில் விளக்கு என்றார். சுதாகரன் அந்த விளக்கையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பெயின்ட் கடைக்காரனிடம் நிறம் கேட்பது போல இரண்டு பேரிடமும் அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், இதையெல்லாம் சபையிலேயே எழுந்து சொன்னால் மக்களுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

தவிசாளர் தெரிவு நாளில் இருவரும் எழுந்து சொன்னார்கள். ராக்காயியும் பெண்களும் பார்வையாளர் வரிசையில் இருந்தார்கள். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் கை தட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு வாக்கெடுப்பு. றோலண்ட் அண்ணனின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் எழுந்து, ரெண்டு பேருமே நல்லவர்கள், தான் நடுநிலை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வாக்குகள் சமம். சீட்டுக் குலுக்கியதில் சுதாகரன் தவிசாளரானார். பொன்னையா அண்ணனோடு ஒரு மாதம் பேசவில்லை. தவிசாளராகிவிட்ட சுதாகரனும் பேசவில்லை; இந்த வெற்றிக்குக் கானும் விளக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கவே வேண்டாமே என்பது அவருடைய ஆத்திரம். ஆனால் எதிர்க்கட்சியும் அதே ரோட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தபடியால் பிரேரணையை எதிர்க்க ஒரு கை கூட உயரவில்லை.

ரோடு வேலை ஆரம்பமாகி, கோயில் திருப்பம் வரை கொங்கிரீட் போட்டாகிவிட்டது. அம்புலன்ஸ் அதுவரை வருகிறது. அதற்கு மேல் நிலம் கம்பெனிக்குச் சொந்தம், மேலிடத்து அனுமதி வேண்டும் என்று துரை நிறுத்தி வைத்திருக்கிறார். அண்ணன் இரண்டு தடவை போய்ப் பேசினார். இப்போது அவருக்குப் பின்னால் எந்த அரசாங்கமும் கவலைப்படவில்லை என்பது துரைக்குத் தெரிந்துபோயிருந்தது. பிஸ்கட் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது தடவை கிளம்பும்போது நான் கடை வாசலில் நின்றேன். ஆட்டோவில் ராக்காயி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு லொறி நிறையப் பெண்கள். அது சுதாகரனின் லொறி. அவரிடம் எப்படி வாங்கினார்கள் என்று தெரியவில்லை. அண்ணன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தடவ நான் பேசுறேன்” என்றார் ராக்காயி. “நீங்க பக்கத்துல நின்னு, கவலைப்படுற மாதிரி மூஞ்சிய மட்டும் வச்சுக்குங்க.”

அண்ணன் சரியென்று முகத்தை வைத்துக்கொண்டார். ஆட்டோ டிக்கோயாப் பக்கம் திரும்பியது.