சிங்கப்பூர் மெயில் போகிற நேரம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் விமானம் ஏறியவள் என் அக்கா. தாதிப் படிப்புக்கு லண்டன் போனாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையிலிருந்து அதற்குமுன் யாரும் அப்படிப் போனதில்லை. அந்தப் பெருமை எனக்கு இந்த வயதிலும் குறையவில்லை.

அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. "கண்காணாத ஊருக்கு வயசுப் பிள்ளைய அனுப்பிட்டு நான் இங்க சோறு திங்கவா?" என்று சொல்லிவிட்டுச் சமையலறையிலேயே இருந்துகொண்டாள். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா டிக்கெட்டைக் கொண்டுவந்து விரல் வைத்துக் காட்டினார். இரவு ஒன்பதுக்கு ஏறினால் காலை ஆறுக்கு இறங்கலாம்.

"சிங்கப்பூர் மெயில் போற நேரந்தான்லா. தூங்கி எழுந்தா லண்டன்."

அம்மாவுக்கு அந்த ராத்திரி ரயில் தெரியும். சிங்கப்பூரில் இருந்த தங்கை வீட்டுக்கு அதில்தான் போவாள். அந்த நம்பிக்கையில்தான் தலையாட்டினாள்.

சுபாங் விமான நிலையத்தில் அக்காவை வழியனுப்பிவிட்டுத் திரும்பினால், வீடு சந்தைக்கடையாகக் கிடந்தது. வந்துபோனவர்கள் சிந்திய மிக்சர், உதிர்ந்த மல்லிகை, பெட்டி கட்டிய கயிற்றுத் துண்டுகள். அம்மா கூட்டவிடவில்லை. பயணம் போனவர்கள் போய்ச் சேரும்வரை எங்கள் வீட்டில் துடைப்பத்தைத் தொடமாட்டோம்.

மறுநாள் அப்பா விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். ஆறு அடித்ததும் அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டு, "உங்கக்கா இறங்கிட்டா, கூட்டு," என்றாள். நான் உள்ளறையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் குப்பையை முறத்தில் அள்ளினேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மாமா வேலியோரம் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா லண்டன் போய்ச் சேந்துட்டா, மாமா."

"ஆர் சொன்னது? அங்க இப்ப ராத்திரி, பிள்ளை. அவங்கட நேரம் எங்களுக்குப் பின்னாலதான் வரும். ஆறாயிரம் மைலுக்கு மேல எல்லோ? டிக்கெட்டில இருக்கிற ஆறு மணி அவங்கட ஆறு மணி. எங்களுக்கு மத்தியானம் ஒண்டரைக்குத்தான் இறங்குவா. உன்ர அக்கா இன்னும் ஆகாயத்தில."

அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. வந்து முறத்தை வாங்கினாள். அள்ளிய குப்பையைப் பிடிப்பிடியாக எடுத்து மறுபடியும் கூடமெல்லாம் தூவினாள். மல்லிகை கிடந்த இடத்தில் மல்லிகை, மிக்சர் கிடந்த இடத்தில் மிக்சர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. பிள்ளை வானத்தில நிக்குது," என்றாள். அந்தக் குப்பைக்கு நடுவிலேயே உட்கார்ந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். இந்தச் சாங்கியத்தையெல்லாம் கேலி பேசுகிறவர். இன்றைக்கு நல்ல கூத்து என்று காத்திருந்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு மெயில் நேரமாம்," என்றாள். அவ்வளவுதான்.

அப்பா சட்டைகூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை அடித்ததும் நான் துடைப்பத்தை எடுத்தேன்.

"பொறு," என்றார் அப்பா. "இறங்கி, பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு வெளிய வரணும்ல."

இன்னும் கொஞ்சம் பொறுத்தோம்.

போய்ச் சேர்ந்ததாகத் தந்தி அடுத்த நாள்தான் வந்தது. அக்கா நன்றாகப் படித்து எங்கள் எல்லோரையும் கைதூக்கிவிட்டாள். இன்றைக்கு என் பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊர் கிள்ளானுக்குப் போவதுபோல லண்டன் போய் வருகிறார்கள். அப்படிப்பட்ட தாய் தகப்பனுக்குப் பிள்ளையாகப் பிறந்ததற்கு நான் தினமும் கைகூப்புகிறேன்.

அன்றைக்கு, போதும் என்று தோன்றிய பிறகு அப்பா என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கினார். வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காதவர், குனிந்து அந்தக் கூடம் முழுவதையும் தானே கூட்டினார். அம்மா தடுக்கவில்லை. அம்மாவுக்கு இடுப்புவலி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.