நிற்பவர்களை எண்ணுகிற டீச்சர்

பள்ளியில் சேர்ந்த முதல் நாள் எனக்கு மேசை ஒதுக்கவில்லை. விளையாட்டுச் சாமான் அறையில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஒரு பக்கம் உடைந்த பெஞ்சுகள், மறுபக்கம் பழைய விடைத்தாள் கட்டுகள், நடுவில் காற்றுப் போன பந்துகள் அடைத்த வலை மூட்டை. மூட்டையின் மேல் காலை நீட்டியபடி ஒரு அம்மாள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“புது இங்கிலீஷ் டீச்சரா?” என்றார்.

“ஆமாம்.”

“என்ன விளையாடுவீங்க?”

“எதுவும் விளையாட மாட்டேன்.”

“சின்ன வயசுல?”

“அப்பவும் இல்ல.”

“ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு?”

“லீவு போட்டுடுவேன்.”

தைலக் குப்பியை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“யாராவது கூப்பிட்டா வருவீங்களா?”

“வரமாட்டேன்.”

“கெஞ்சினா?”

“மாட்டேன் டீச்சர்.”

“ரொம்ப நல்லது. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிட்டிருந்தேன். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் நாலு மணிக்குச் சும்மாதானே இருப்பீங்க?”

சும்மாதான் இருப்பேன் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர்தான் பி.டி. டீச்சர். அந்தப் பள்ளியில் இருபத்தாறு வருடங்களாக விளையாட்டுப் பாடவேளை அவருடைய பொறுப்பு. பொறுப்புதான் அவருடையது, பாடவேளை பெரும்பாலும் மற்றவர்களுடையது. போர்ஷன் முடியவில்லை என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அவர் சரி என்பார். ஒரு வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு முழுவதற்குமாக நான்கு முறை மைதானத்துக்குப் போனார்கள். அதில் ஒரு முறை போட்டோ எடுப்பதற்காக.

நான் சேர்ந்த வருடம் இந்த வழக்கத்தை அதிகாரபூர்வமாக்கிவிடத் தலைமையாசிரியர் முடிவு செய்திருந்தார். ஆறாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். டீச்சர் முதன்முறையாகச் சரி என்று சொல்லவில்லை. பேசி முடித்தபோது ஒரு ஏற்பாடு உருவாகியிருந்தது. எட்டாம் வகுப்பில் பன்னிரண்டு பேரை டீச்சர் இளம் தலைவர்களாகப் பயிற்றுவிக்க வேண்டும். அவர்கள் மதிய இடைவேளையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை விளையாட வைக்க வேண்டும். இருபது வேலை நாட்களில் சராசரியாக அறுபது பிள்ளைகள் மைதானத்தில் இருந்தால் பாடவேளை டீச்சருக்கு. இல்லாவிட்டால் கணக்குக்கு.

எண்ணும் வேலை கணக்கு சாருக்குத் தரப்பட்டது. பாடவேளை யாருக்குப் போகும் என்பதில் அவருக்கும் அக்கறை இருந்தது என்பதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதுதான் எல்லோருடைய கருத்தும், டீச்சருடையதும்.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி தலைமையாசிரியர் அணித் தலைவர்களின் பட்டியலைக் கொடுத்தார். டீச்சர் அதை மடித்து மேசைக்காலின் கீழ் வைத்தார். மேசை ஆடுவது நின்றது. பிறகு எட்டாம் வகுப்புக்குப் போய், அணி பிரிக்கும்போது எப்போதும் கடைசியாக மிஞ்சுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். பன்னிரண்டு பேருக்குமேல் தூக்கினார்கள்.

“நல்லா ஆடுறவங்களை விட்டுட்டீங்களே டீச்சர்?” என்று கேட்டேன்.

“நல்லா ஆடுறவன் கையில பந்தைக் குடுத்துப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தானே ஆட ஆரம்பிச்சுடுவான். சுத்தி நின்னு மத்ததெல்லாம் கை தட்டும்.”

துறையிலிருந்து ஆங்கிலத்தில் தடிமனான ஒரு கையேடு வந்திருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று என்னைச் சொல்லச் சொன்னார். நான் மூன்று மாலைகள் படித்துச் சொன்னேன். நோக்கம், தொலைநோக்கு, தலைமைப் பண்புகள் என்று அது போய்க்கொண்டேயிருந்தது.

“இதுல குழந்தைங்க எப்ப விளையாடுதுங்க?”

புரட்டிப் பார்த்து, “அறுபத்திரண்டாம் பக்கத்துல,” என்றேன்.

“அதுக்குள்ள பெல் அடிச்சுடும்,” என்றார்.

அவருடைய முறை ஒரு பக்கத்துக்குள் அடங்கும். விசில் கிடையாது, விசில் சத்தம் கேட்டால் குழந்தைகள் நின்றுவிடுகிறார்கள். ஒரு விளையாட்டை விளக்க மூன்று வாக்கியங்களுக்கு மேல் பேசக் கூடாது. அவுட் ஆனவர்கள் வெளியே போகக் கூடாது, எதிர் அணியில் சேர்ந்துவிட வேண்டும். விளையாடுகிறவர்களை எண்ணுவது பயனில்லாத வேலை, நிற்கிறவர்களை எண்ண வேண்டும். பதினைந்து நிமிடத்தில் நிற்கிறவர்கள் யாரும் இல்லையென்றால் தலைவர் பாஸ்.

என்னை ஏன் தேடினார் என்பது முதல் வெள்ளிக்கிழமை தெரிந்தது. வரமாட்டேன் என்கிற ஒருத்தியை வரவைக்கப் பிள்ளைகள் பழக வேண்டும்.

“ஒருத்தரை ஒருத்தர் வரமாட்டேன்னு நடிக்கச் சொன்னா ரெண்டு நிமிஷத்துல சிரிச்சுட்டு வந்துடுதுங்க,” என்றார். “நீங்கன்னா நடிக்க வேண்டாம்.”

நான் படிக்கட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் பையன் உடற்பயிற்சியின் நன்மைகளைப் பற்றிப் பேசினான். நான்காவது நன்மையில் நானே அவனுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்தவள், “எல்லாரும் வந்துட்டாங்க மிஸ், நீங்க மட்டும்தான் பாக்கி,” என்றாள். மைதானத்தில் யாரும் இல்லை. இன்னொருவன் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிடுவேன் என்றான். என்ன சொல்வாய் என்று கேட்டதும் யோசிக்கப் போனவன் அன்று திரும்பவில்லை.

“மிஸ் கல்லு மாதிரி இருக்காங்க டீச்சர்,” என்று ஒருத்தி முறையிட்டாள்.

“ஆறாம் கிளாஸ்ல இந்த மாதிரி எட்டுக் கல்லு இருக்கு,” என்றார் டீச்சர். “பழகிக்கோ.”

மூன்றாவது வாரம் ஆமை என்கிற பெண்ணின் முறை வந்தது. ஓட்டப் பந்தயத்தில் அவள் முடிக்கும்போது அடுத்த பந்தயம் தொடங்கியிருக்கும், அதனால் அந்தப் பெயர். அவளே நோட்டின் ஓரத்தில் ஆமை வரைந்து வைத்திருந்தாள். கையில் ஒரு நீளக் கயிறு.

“மிஸ், இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? கட்டறதுக்குத் தூண் இல்ல.”

தூண் இல்லாதது உண்மைதான். பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் மறுமுனையைச் சுற்ற ஆரம்பித்தாள், என் கையும் சுற்றியது. இரண்டு பேர் உள்ளே குதித்தார்கள். வேகம் போதவில்லை என்று என்னிடம் சொன்னார்கள். நான் வேகத்தைக் கூட்டினேன். புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று நினைவு வந்தபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது.

“பாஸ்,” என்றார் டீச்சர். ஆமையைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கணவர் தையற்காரர். தையல் மேசையில் டீச்சர் பட்டன்களைப் பரப்பி மைதானத்தில் எந்தக் குழு எங்கே நிற்க வேண்டும் என்று நகர்த்திக்கொண்டிருந்தார்.

“என் பட்டனெல்லாம் ஓடிப்பிடிச்சு விளையாடுதும்மா,” என்றார் கணவர் என்னிடம். “சட்டைக்குத்தான் ஒண்ணும் கிடைக்கல.”

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, அந்தச் சிவப்புப் பட்டன் ரொம்ப நேரமா சும்மா நிக்குது,” என்றாள்.

டீச்சர் அதை உடனே வேறு குழுவுக்கு மாற்றினார்.

நீங்கள் என்ன விளையாடினீர்கள் என்று அன்றுதான் கேட்டேன். கல்லூரி வாலிபால் அணியில் மூன்று வருடம் இருந்தாராம். மாற்று ஆட்டக்காரர். மூன்று வருடத்திலும் சேர்த்து உள்ளே ஆடியது பதினோரு நிமிடம்.

“அதுல ஒரு நிமிஷம் டைம் அவுட்,” என்று கணவர் திருத்தினார்.

“பத்து,” என்று ஒப்புக்கொண்டார் டீச்சர்.

மதிய விளையாட்டு தொடங்கியது. பழைய திரைச்சீலையில் கணவர் தைத்த மஞ்சள் கைப்பட்டையோடு பன்னிரண்டு பேரும் பன்னிரண்டரைக்கு மைதானத்தில் இருப்பார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கணக்கு சார் நோட்டோடு படிக்கட்டுக்கு வந்து இரண்டு முறை எண்ணுவார். இரண்டும் ஒத்து வராவிட்டால் மூன்றாம் முறை எண்ணுவார். முதல் நாள் முப்பத்தொன்று. முதல் வாரம் முழுவதும் ஐம்பதைத் தாண்டவில்லை. இரண்டாம் வாரம் அறுபது, மூன்றாம் வாரம் அதற்கும் மேல். பத்தொன்பதாம் நாள் முடிவில் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தம் ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு. கடைசி நாள் வெறும் இருபத்திரண்டு பேர் வந்தாலே போதும்.

கடைசி நாள் பாதிப் பள்ளியும் மைதானத்தில் இருந்தது. சமையலறை அம்மாகூட வாசலில் நின்று பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு சார் வழக்கம்போலப் பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்து படிக்கட்டில் நின்றார். நின்றார் என்பதுதான் பிரச்சினை. ஆமை அவரைப் பார்த்தாள். ஆறு வாரப் பயிற்சியில் அவளுக்கு ஒரே பாடம்தான் நடந்திருந்தது.

“சார், இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?”

“நான் எண்ணணும்மா.”

“ஒரு நிமிஷம்தான் சார்.”

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கயிற்றைப் பிடித்தார். நான் ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நன்றாகச் சுற்றினார். தாளம் பிசகவில்லை. ஆறாம் வகுப்பின் எட்டுக் கற்களும் வரிசையில் நின்று குதித்தன. பெல் அடித்ததும் கூட்டம் நொடியில் கலைந்தது. காலி மைதானத்தின் நடுவில் கணக்கு சார் கயிற்றோடு நின்றார்.

மாலை தலைமையாசிரியர் அறையில் கணக்கு சார், டீச்சர், நான் மூவரும் நின்றோம்; நோட்டு திறந்திருந்தது. இருபதாம் நாளுக்கு நேரே ஒன்றும் இல்லை.

“எத்தனை பேர்?” என்றார் தலைமையாசிரியர்.

“எண்ணலை சார். கயிறு பிடிச்சுட்டிருந்தேன்.”

“தோராயமா ஒண்ணு போடுங்க.”

“எண்ணாததை எப்படி சார் எழுதறது?”

“அப்ப பூஜ்யம்.”

“காலி வேற, பூஜ்யம் வேற சார்.”

“உங்க கிளாஸ்ல வேற. ஆபீஸ்ல ஒண்ணுதான்.”

இருபதால் வகுத்தார்கள். ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது. கணக்கு சார் அதை மூன்று முறை சரிபார்த்தார். ஒவ்வொரு முறையும் அதுவே வந்தது. மைதானம் நிறைந்திருந்ததைப் பள்ளி முழுக்கப் பார்த்ததே என்று நான் சொன்னேன். அந்த அறையில் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. “அவர் எண்ணலைன்னா எண்ணலைதான்,” என்றார் டீச்சர். வெளியே வந்ததும் கணக்கு சார் அவரிடம், “மன்னிச்சுக்கங்க டீச்சர், அந்தப் பொண்ணு கேட்டவிதம்…” என்று இழுத்தார்.

“தெரியும் சார். நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

திங்கட்கிழமை புதுக் கால அட்டவணை ஒட்டினார்கள். ஆறாம் வகுப்பில் விளையாட்டு இருந்த கட்டத்தில் கணக்கு என்றிருந்தது. சுற்றிலும் மற்றக் கட்டங்கள் அப்படியே இருந்தன. டீச்சர் அதன் முன்னால் வெகு நேரம் நின்று ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சாமான் அறைக்கு வந்தார். எனக்கு அதற்குள் ஆசிரியர் அறையில் மேசை கிடைத்திருந்தாலும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வலை மூட்டையின் மேல் உட்கார்ந்து முழங்காலை நீட்டினார். இருபத்தாறு வருடத்தில் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை என்று மற்ற டீச்சர்கள் சொல்வார்கள். அதனாலோ என்னவோ, தைலக் குப்பியை இரண்டு முறை திறந்து மூடிய பிறகுதான் கேட்டார்.

“ஆறாம் கிளாஸுக்கு உங்களுக்கு வாரத்துக்கு ஏழு இங்கிலீஷ் பீரியட் இருக்கேம்மா,” என்றார். “வியாழக்கிழமை மூணாவது பீரியடை எனக்குத் தருவீங்களா? கயிறு தாண்டறதை இங்கிலீஷ்லயே எண்ணச் சொல்றேன்.”